வரப்பிலே வாழும் புலிவண்டு

வெயில் ஏறிய வேளையில் நெல் வயலின் வரப்பு வழியே நடந்து செல்வோருக்கு முன்னால் ஒரு சிறு வண்டு திடீரென எழும்பி, சில அடி தூரம் தாழப் பறந்து, மறுபடியும் அவ்வரப்பிலேயே இறங்கி, வருகிறவரை நோக்கித் திரும்பி நிற்பதைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். அண்டினால் மறுபடி எழும்பும். மறுபடி சிறிது தூரம் சென்று இறங்கும். வழி காட்டுவதேபோல் இவ்வாறு மூன்று நான்கு முறை செய்துவிட்டு, பின்னர் ஒருபுறமாக வளைந்து பறந்து, முதலில் இருந்த இடத்தின் பக்கமே போய்விடும். அதைக் கையால் பிடிக்க முயன்றவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு நின்றிருப்பர். பிடித்துவிட்ட ஒரு சிலரோ அதன் கடியை மறந்திருக்கமாட்டார்கள். அக்கடியில் விஷம் இல்லை என்பது மாத்திரம் ஆறுதல். புலிவண்டு என்பது இதுவே.

இவ்வண்டைக் குறித்து இரு விதமான அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. பயிரிடையே காணப்படும் ஆறு கால் ஜந்துக்கள் யாவும் பயிருக்கு விரோதிகளே, ஆதலால் கண்டவுடன் மருந்தடிக்க வேண்டியதே என்பது ஒன்று. இது பழைய அபிப்பிராயம். இன்னும் பல ஊர்களில் மாறவில்லை. வயலில் இயற்கையாயுள்ள நன்மை செய்யும் பூச்சிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், குடியானவர் கைகட்டி நிற்கலாம் என்பது மற்றொன்று. இது பிந்தி வந்தது, கேட்பதற்கு இனியது, கதிர் பதராகிப்போன பின் இதைச் சொன்னவரைத் தேடினால் அகப்படமாட்டார். இவ்விரண்டும் பொருந்தாதவை. புலிவண்டு குடியானவருக்கு நண்பன்தான். ஆனால் சம்பளம் பெறும் காவற்காரன் அல்லன். அது பிழைத்திருப்பதற்கு வேண்டிய இடத்தை விட்டுவைப்பதில் குடியானவருக்குப் பெருஞ்செலவு யாதுமில்லை. கிராம அதிகாரிகளுக்குப் புதிய கடமை யாதுமில்லை. அவ்விடம் இன்னதென்று அறிந்தால் போதும். அதை அறிவதற்குப் பறக்கும் வண்டைக் காட்டிலும் மண்ணிலிருக்கும் அதன் புழுவையே கவனிக்கவேண்டும். பெரும்பாலோர் கவனியாமல் விட்டிருப்பதும் அதையே.

உலகமெங்கும் புலிவண்டுகளில் 2,500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இந்தியாவில் மாத்திரம் 200-க்கு மேற்பட்டவை கணக்கிடப்பட்டிருக்கின்றன. ஆற்று மணல், கடற்கரை, உவர் நிலம், காட்டுப் பாதை என ஒவ்வோர் இனமும் தனக்கென ஒருவகை இடத்தைப் பற்றிக்கொண்டு அதைவிட்டு அதிகம் அகலுவதில்லை. நெல் விளையும் நிலங்களில் அடிக்கடி காணப்படுவது ஆறு புள்ளிப் புலிவண்டு எனப்படும் இனமாகும். இதன் நீளம் ஏறக்குறைய அரை அங்குலம். கரும்பச்சை சாயலுள்ள மேற்சிறகுகள் இரண்டிலும் மும்மூன்றாக வெளிர்மஞ்சள் நிறப் புள்ளிகள் ஆறு தோன்றும். டென்மார்க் தேசத்துப் பூச்சி நூலாசிரியரான ஃபப்ரீஷியஸ் 1775 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் இட்ட பெயருக்கும் ‘ஆறு புள்ளியுடையது’ என்பதே பொருள். கால்கள் மெலிந்து நீண்டவை. தலை மார்பைக் காட்டிலும் அகன்றது. கண்கள் இருபுறமும் பிதுங்கி நிற்கும். வாயின் முன்புறத்தில் அரிவாள்போல் வளைந்த இரண்டு தாடைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுக் கிடக்கும். இளமையில் பொன்வண்டைத் தீப்பெட்டியிலிட்டு இலை கொடுத்து வளர்த்தவர்கள் இதன் மினுமினுப்பைக் கண்டு இதுவும் அவ்வகையே என்று எண்ணக்கூடும். பொன்வண்டு தழை தின்பது; இது ஊன் தின்பது. இதற்கு இலை கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும்.

இது இரை பிடிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. எறும்பு, ஈ, சிறு பூச்சி எதுவாயினும் அசைவதைக் கண்டவுடன் ஓடும், சிறிது தூரம் ஓடிச் சட்டென நிற்கும், தலையைத் திருப்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். இது களைப்பினால் நிற்பதன்று. அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1990-களில் இதைப் பரிசோதித்து, புலிவண்டு மிக்க வேகமாய் ஓடுகையில் அதன் கண்ணில் உருவம் பதிவதற்குப் போதிய வெளிச்சம் சேர்வதில்லை என்றும், ஆதலால் ஓடும் நேரத்தில் இரை அதற்குத் தெரிவதில்லை என்றும், மறுபடி பார்ப்பதற்காகவே நிற்கிறதென்றும் கண்டறிந்தனர். ஓடும்போது உணர்கொம்புகளை முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு வழியிலுள்ள தடைகளைத் தொட்டறிகிறது என்பதும் அதே பல்கலைக்கழகத்தில் 2014 ஆம் ஆண்டில் தெரியவந்தது. குருடர் கையிலுள்ள கோல் போன்றது அக்கொம்பு. ஆஸ்திரேலியாவிலுள்ள ஓர் இனம் விநாடிக்கு 2.5 மீட்டர் தூரம் ஓடுவதாக அளந்திருக்கின்றனர்; அவ்வளவு சிறிய உடலுக்கு அது பெரிய வேகந்தான்.

வெயிலே இதற்கு உயிர். காலையில் வெதுவெதுப்பான மண்ணில் உடலைத் தாழ்த்திக் குளிர்காயும். உச்சி வேளையில் தரை கொதிக்கும்போது கால்களை நிமிர்த்தி உடலை உயரத் தூக்கி நிற்கும். அதற்கு மேலும் சூடேறினால் நிழலில் ஒதுங்கும். மேகம் மூடிய நாளில் வெளியே அதிகம் தென்படாது.

அகப்பட்ட இரையை இது விழுங்குவதில்லை. தாடைகளால் கசக்கி, வாயிலிருந்து ஒருவகை நீரைச் சுரந்து அதன் மீது விட்டு, கரைந்த சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையை எறிந்துவிடும். நெல் கதிரில் பால் கட்டும் பருவத்தில் வந்து சாற்றை உறிஞ்சிப் பதராக்கும் கதிர்நாவாய்ப் பூச்சியை ஆறு புள்ளிப் புலிவண்டு பிடித்துத் தின்கிறதென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த இந்தியப் பூச்சி நூல்களிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்நாவாய்ப் பூச்சியின் நாற்றம் வரப்பில் நிற்கும்போதே மூக்கைத் துளைக்கும். அவ்வளவு நாற்றமுள்ளதைத் தின்ன ஓர் உயிர் முன்வருவதே பெரிது. ஆயினும் இதைக் கொண்டு, புலிவண்டு உள்ள வயலில் நாவாய்ப் பூச்சிக்கு இடமில்லை என்று முடிவு கட்டுவது தவறு. வண்டு தரையில் ஓடி வேட்டையாடுவது. நாவாய்ப் பூச்சி தங்குவதோ பெரும்பாலும் கதிரில். தவிரவும் புலிவண்டுக்குத் தீய பூச்சி, நல்ல பூச்சி என்ற பேதம் தெரியாது. குடியானவருக்கு உதவியாயிருக்கும் சிலந்திக் குஞ்சும் அதன் வாயில் அகப்படத்தான் செய்யும். நெல் வயலில் பூச்சிகளை அடக்கி வைப்பதில் முதலிடம் சிலந்திகளுக்கே உரியது. புலிவண்டு அவற்றோடு நிற்கும் பலருள் ஒன்று. நண்பனைப் புகழ்வதிலும் அளவு வேண்டும்.

இனிப் புழுவைப் பார்க்கலாம். பெண் வண்டு மண்ணின் ஈரத்தையும் கெட்டித்தன்மையையும் சோதித்து, பொருந்திய இடத்தில் வயிற்றின் நுனியால் சிறு துளையிட்டு, துளைக்கு ஒன்றாக முட்டைகளை வைக்கும். முட்டையிலிருந்து வெளிப்படும் புழு அவ்விடத்திலேயே செங்குத்தாகக் கீழ்நோக்கி ஒரு வளை தோண்டும். சிறுவர்கள் மணலில் குழியானையைத் தேடி விளையாடுவதுண்டு. குழியானையின் பள்ளம் புனல் போல் சரிந்திருக்கும், அது அடியில் புதைந்து இரை சரிந்து விழக் காத்திருக்கும். புலிவண்டுப் புழுவின் வளையோ துளைக்கருவியால் குடைந்ததுபோல் வட்டமாயும் நேராயும் இருக்கும். புழு அடியில் இராது, வாயிலேயே இருக்கும். அதன் தலையும் கழுத்தும் தட்டையாகி, வளையின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் மூடிபோல் அமைந்திருக்கின்றன. நிறமும் மண்ணின் நிறமே. மூடியின் மேல் கண்கள். மூடியின் முன்னே மேல்நோக்கிய தாடைகள். கிட்ட வந்து பார்ப்பவருக்கும் அங்கே வளையொன்று இருப்பது தெரியாது. நிழல் பட்டவுடன் புழு உள்ளே விழுந்துவிடுவதால், ஒன்றுமில்லாத தரையில் திடீரெனத் துளையொன்று திறந்ததுபோல் தோன்றும்.

எறும்போ மற்றெதுவோ எட்டும் தூரத்தில் வந்தால், புழு தன் உடலின் முன்பாகத்தைப் பின்புறமாக வளைத்து வீசி அதைக் கவ்விக்கொள்ளும். கவ்வப்பட்டது பெரிதாயின் புழுவையே வெளியே இழுத்துப் போகலாம். அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு: புழுவின் முதுகில், வயிற்றுப் பாகத்தின் ஐந்தாம் கணுவில், ஒரு திமில் எழும்பி, அதில் முன்னோக்கி வளைந்த கொக்கிகள் இருக்கின்றன. இக்கொக்கிகளை வளையின் சுவரில் ஊன்றிக்கொண்டு புழு அசையாது நிற்கும். பின்னர் இரையை அடிக்கு இழுத்துச் சென்று சாற்றை உறிஞ்சி, சக்கையை மேலே கொண்டுவந்து எறியும். தோண்டிய மண்ணையும் அவ்வாறே தலைமேல் சுமந்து வந்து எட்ட வீசிவிடும். எறும்புப் புற்றின் வாயில் மண் குவிந்திருப்பது போல் இதன் வாயில் குவிந்திராதது இதனாலேயே.

இப்புழு வளரும்போது மூன்று பருவங்களைக் கடக்கும். தோலுரிக்கும் காலத்தில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வறட்சியிலும் அவ்வாறே அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். வெள்ளத்தில் மூழ்கிய தரையில் பல நாட்கள் உயிர் தாங்கும் புழுக்களையுடைய இனங்களும் உண்டு. இரை மிகுந்தால் சில மாதங்களில் வளர்ந்து முடியும். இரை குறைந்தால் அதே வளையில் ஓராண்டோ அதற்கு மேலுமோ பொறுத்திருக்கும். வளையின் ஆழம் இனத்தையும் மண்ணையும் பொறுத்து சில அங்குலம் முதல் ஓர் அடிக்கு மேலும் செல்லும். முடிவில் மண்ணுக்குள்ளேயே ஓர் அறை செய்துகொண்டு கூட்டுப்புழுவாகி, மழை பெய்து மண் நெகிழ்ந்த காலத்தில் வண்டாய் வெளிவரும். இந்நாட்டில் மழைக்காலத்தையொட்டிப் புலிவண்டுகள் மிகுதியாய்த் தோன்றுவதற்குக் காரணம் இது. வண்டாகியபின் அது வாழும் காலம் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே.

இத்தனை அரணுள்ள புழுவுக்கும் சத்துரு உண்டு. மெதோகா என்னும் குளவியின் பெண்ணுக்குச் சிறகில்லை. பார்வைக்கு எறும்பே போன்றது. அது வளையின் வாய்க்கு வந்து, புழு தன்னைக் கவ்வுமாறு விட்டு, தாடைகளுக்கிடையில் நழுவி, புழுவின் மெல்லிய கழுத்தடியில் கொட்டி மரக்கச் செய்யும். பின் அதன் மீது ஒரு முட்டையிட்டு, வளையை மண்ணாலும் கற்களாலும் அடைத்துவிட்டுச் செல்லும். எறும்பைத் தின்று வளர்ந்தது எறும்பு வேடத்துக்கு இரையாகிறது. ஈ வகையிலும் வளையின் வாயில் முட்டையை உதிர்த்துச் செல்வன சில உண்டு. இவை யாவும் இயற்கையின் கொடுக்கல் வாங்கல். இவற்றால் புலிவண்டு அற்றுப்போனதில்லை.

அற்றுப்போவது வேறு காரணத்தால். மருந்து தெளித்தாலும் மண்ணை வெட்டினாலும் வண்டு பறந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் திரும்பியும் வரும். அதைக் கண்டவர் கெடுதல் ஒன்றுமில்லை என்று நினைப்பர். ஆனால் புழுவுக்குப் போக்கிடமில்லை. பிறந்த துளையிலேயே மாதக்கணக்கில் இருந்தாகவேண்டிய உயிர் அது. அந்தத் துளை மிதியுண்டோ வெட்டுண்டோ நஞ்சு படிந்தோ கெட்டால், அவ்வாண்டின் வண்டுகள் கண்ணெதிரே பறந்துகொண்டிருந்தும் அடுத்த ஆண்டின் வண்டுகள் அழிந்தாயிற்று. இது ஊகமன்று. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் மாசசூசெட்ஸ் முதல் வர்ஜீனியா வரையில் ஒருகாலத்தில் கூட்டங்கூட்டமாய் இருந்த கடற்கரைப் புலிவண்டு ஒன்று, மணலில் மோட்டார் வண்டிகளும் மக்களும் மிகுதியாய் நடமாடியதாலும், கரையில் கட்டிடங்கள் பெருகியதாலும் பெரும்பாலான கரைகளில் இல்லாது ஒழிந்தது. அதன் புழு மணலில் வளர இரண்டாண்டு ஆகும். எந்த ஒரு பருவத்தில் வண்டி ஓடினாலும் அதற்குத் தீங்கே. 1990 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் அவ்வண்டை ஆபத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்க வேண்டியதாயிற்று. யாரும் அவ்வண்டைக் கொல்ல வேண்டுமென்று கொன்றதில்லை.

கடற்கரைக்கு மோட்டார் வண்டி எப்படியோ, நெல் வயலுக்கு மருந்து அப்படி. கதிர்நாவாய்ப் பூச்சிக்குப் பி.எச்.சி. தூளைத் தூவுவது பல ஆண்டுகளாய் வழக்கிலிருந்தது. கதிரில் பட்டது சிறிது; தரையிலும் வரப்பிலும் படிந்தது அதிகம்; படிந்ததும் எளிதில் அழியாதது. அம்மருந்து இந்தியாவில் 1997 ஆம் ஆண்டு முதல் தடுக்கப்பட்டுவிட்டது. எனினும் நாட்கணக்கு வைத்துக்கொண்டு, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்தடிக்கும் பழக்கம் அம்மருந்தோடு போய்விடவில்லை. அப்பழக்கத்தின் பலனைப் புகையானில் கண்டாயிற்று. 1973-74-இல் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் புகையான் பெருகி நெல்லைப் பாழாக்கியது. இந்தோனேசியாவில் மருந்து மேலும் மேலும் அடிக்கப்பட, புகையானைத் தின்னும் சிலந்தி முதலியவை முதலில் மாண்டு, புகையான் தட்டுவாரின்றிப் பெருகியது. 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சி மருந்துகளை ஓர் உத்தரவினால் நிறுத்தியது. அதன்பின் அங்கே நெல் விளைவு குறைந்துவிடவில்லை. இந்தோனேசியாவில் நடந்ததை இங்கே அப்படியே செய்யவேண்டுமென்பதில்லை. ஆனால் எண்ணாமல் அடிப்பது எதிரியை வளர்ப்பதாகவும் முடியலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

எண்ணுவது கடினமன்று. பூக்கும் தருணத்தில் 100 கதிருக்கு 5 நாவாய்ப் பூச்சிகளும், பால் கட்டும் தருணத்திலிருந்து முற்றும் வரையில் 100 கதிருக்கு 16 பூச்சிகளும் இருந்தாலொழிய மருந்துச் செலவு வீண் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் கணக்கு. காலையில் வரப்பிலிருந்து இறங்கி வயலின் நான்கு இடங்களில் இருபத்தைந்து கதிராகப் பார்த்தால் அரை நாழிகையில் முடியும். அளவு மிஞ்சியிருந்தாலும் முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறோ நொச்சியிலைச் சாறோ தெளித்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிடில் மருந்து அடிக்கத்தான் வேண்டும். அறுவடைக்கு நிற்கும் கதிரை வண்டின் நிமித்தம் பறிகொடுக்கும்படி எந்தக் குடியானவரிடமும் கேட்பது நியாயமன்று. அப்போதும் மருந்து கதிருக்கே உரியது. தெளிப்பானில் மீந்ததை வரப்பில் ஊற்றுவதும், ‘இருக்கட்டும்’ என்று வரப்பின் மேலும் ஒரு வரிசை அடித்துவிட்டுப் போவதும் கூலியாட்களிடம் சாதாரணமாய்க் காணும் வழக்கம். அவ்வரப்பில் அறுத்த புல்லை மறுநாள் மாடு தின்னும் என்பதையாவது அவர்களுக்கு நினைவூட்டவேண்டும்.

வரப்பைப் பற்றிய விஷயம் இவ்வளவு நேரானதன்று. இதிலேதான் யோசனை வேண்டியிருக்கிறது. நடவுக்கு முன் அண்டை வெட்டி, புல்லைச் செதுக்கி, சேறு பூசுவது நல்ல பழக்கம். எலி வளைகள் அழியும், வெட்டுக்கிளியின் முட்டைகள் வெளிப்பட்டுக் காயும், நீர்க் கசிவு நிற்கும். வரப்பு குறுகலாயிருந்தால் எலி தங்காது என்றும் சொல்லப்படுகிறது, அதுவும் மெய்யே. மற்றொருபுறம், வரப்பில் தட்டைப்பயறும் உளுந்தும் விதைத்து நன்மை செய்யும் பூச்சிகளை வரவழைக்கும் யோசனையும் இக்காலத்தில் பரவிவருகிறது. புலிவண்டுக்கோ இவற்றுள் எதுவும் முழுவதும் ஒத்துவராது. அண்டைவெட்டு அதன் வளையைக் கெடுக்கும். அடர்ந்த பயறு அதன் ஓட்டத்தையும் வெயிலையும் மறைக்கும். அதற்கு வேண்டியது கெட்டியான, புல் குறைந்த, கலைக்கப்படாத மண். ஆகவே எல்லா வரப்பையும் ஒரே முறையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற பிடிவாதமே தவறு. வயலுக்குள் ஓடும் சிறு வரப்புகளைக் குறுக்கி, வெட்டி, பூசி எலிக்கு இடமில்லாமல் செய்துகொள்ளட்டும். விருப்பமுள்ளவர் சிலவற்றில் பயறு விதைக்கட்டும். வாய்க்காலையொட்டிய பெருவரப்பு, வண்டிப்பாதை, களத்தின் ஓரம் ஆகியவற்றை மாத்திரம் மேற்பரப்பைக் கொத்தாமலும் மருந்து படாமலும் விட்டுவிட்டால் போதும். இவை எப்படியும் சாகுபடிக்கு உதவாத நிலமே. அங்கே எலி வளை கண்டால் அந்த வளையை மாத்திரம் வெட்டலாம். அதற்காக முழு வரப்பையும் புரட்டவேண்டியதில்லை.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. அடங்கலில் வண்டுக்குக் கலம் கிடையாது. அதைச் சேர்க்கவேண்டுமென்று சொல்வாரும் இல்லை. ஆனால் புலிவண்டு இனங்களில் பல வாழும் இடங்கள் பட்டா நிலத்தைக் காட்டிலும் ஆற்றுப் புறம்போக்கிலும், ஓடைப் புறம்போக்கிலும், ஏரியின் நீர் வற்றிய ஓரத்திலும் உள்ளன. ஆற்று மணலில் மாத்திரமே வாழும் இனங்களுக்கு மணல் போனால் வேறு ஊர் இல்லை. சிறு கனிமங்களை 5 ஹெக்டேருக்குக் குறைந்த பரப்பில் எடுப்பதற்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தது வண்டுக்காக அன்று. ஆற்றுக்காகவும் ஆற்றங்கரைக் கிணறுகளுக்காகவும். எனினும் சட்டம் காக்கும் மணலில் வண்டும் காக்கப்படும். ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி பெற்றவர்கள் எளிதாய் இருக்கிறதென்று கரையோர மேட்டு மண்ணையும் வழித்துக்கொண்டு போவதுண்டு. குறித்த இடத்தில் குறித்த ஆழம் என்று அனுமதியில் கண்டபடியே எடுக்கச் செய்வது கிராம அதிகாரி எப்படியும் செய்யவேண்டிய வேலையே. அதைச் செய்தால் அதற்கு மேல் புலிவண்டு அவரிடம் கேட்பது ஒன்றுமில்லை.

ஓர் இடத்தின் நன்னிலையை அறிவதற்குப் புலிவண்டுகளை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று பூச்சி நூலறிஞர்கள் 1992 ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கின்றனர். எளிதில் காணக்கூடியது, இனம் அறியத்தக்கது, தன் இடத்தைவிட்டு அகலாதது என்பவை அதற்கு அவர்கள் கருதிய காரணங்களிற் சில. கிராமத்தில் இவ்வளவு சாஸ்திரம் வேண்டியதில்லை. மழை பெய்து வெயிலடித்த நாளில் வாய்க்கால் கரையில் நூறு அடி நடந்தால் எத்தனை வண்டுகள் எழும்புகின்றன என்று ஆண்டுதோறும் பார்த்து வைத்துக்கொள்ளும் குடியானவர், எண்ணிக்கை ஓராண்டு சட்டெனக் குறைந்தால், முந்தின ஆண்டில் அக்கரையில் என்ன செய்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். நடப்பு ஆண்டில் செய்ததைக் கேட்டுப் பயனில்லை. குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் புழுவின் காலத்தில் நேர்ந்திருக்கும்.

அண்டை வெட்டும் நாளுக்கு முன் புழுவின் வளைகளைக் கண்டுகொள்வதற்கு ஒரு வழி உண்டு. வரப்பின் புல்லில்லாத பாகத்தில், வைக்கோல் தாள் நுழையும் அளவுக்கு வட்டமாய், விளிம்பு வழவழவென்று, அருகில் மண் குவியாமல் இருக்கும் துளைகளைப் பார்க்கவேண்டும். நண்டு வளை இதைவிடப் பெரிது, வாயில் சேற்று உருண்டைகள் கிடக்கும். பிள்ளைப்பூச்சி சென்ற வழி மேல்மண்ணைப் புடைத்துக்கொண்டு படுக்கையாய் ஓடும். எறும்பின் துளையில் போக்குவரத்து ஓயாது. ஐயமிருந்தால் ஒரு மெல்லிய புல் ஈர்க்கைத் துளைக்குள் அடி வரை விட்டுச் சிறிது நேரம் அசையாமல் பார்த்திருக்கலாம். உள்ளே புழு இருந்தால் ஈர்க்கு நடுங்கும். சில வேளை மேலே தள்ளப்படும். சில வேளை புழு அதைக் கவ்விக்கொண்டு, ஈர்க்கைச் சட்டென இழுத்தால் தானும் வெளியே வந்துவிடும். அவ்வாறு வெளியே எடுக்காமல் விடுவதே நல்லது. வெளிப்பட்ட புழு மறுபடி வளை தோண்டுவதற்குள் எறும்பு சூழ்ந்துகொள்ளும். வளைகள் ஐந்தாறு ஒன்றாய்க் கண்ட இடத்தில் இருபுறமும் ஒவ்வொரு குச்சி நட்டு, வெட்டும் ஆட்களிடம் காட்டி, அந்தச் சில அடி நீளத்தை அடுத்த நடவு வரை மண்வெட்டி படாமல் ஒதுக்கச் சொல்லலாம்.